பிரிட்டன் முழுக்க ஒரே பச்சைதானா? நடந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விவாத இழை

8 மார்ச் 2025

வாசகர் ஒருவரின் கேள்வி: "பல வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். விடுமுறை நாளில் எங்கே நடக்கப் போனாலும் பச்சைப் புல், ஆடு, சேறு, மழை. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் என்ன வித்தியாசம்? இருநூறு மைல் ரயிலேறிப் போய் நடக்கிற அளவுக்கு அப்படி என்ன இருக்கிறது?"

அடுத்த முறை போகும்போது புல்லை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே சாந்து பூசாமல் அடுக்கியிருக்கும் கல்சுவரைச் சொல்கிறேன். காட்ஸ்வோல்ட்ஸில் அது தேன் நிறம். யார்க்‌ஷயர் டேல்ஸில் வெளிறிய சாம்பல். அங்கிருந்து தெற்கே பீக் டிஸ்ட்ரிக்ட்டின் வடபகுதிக்கு வந்தால் கறுத்துப்போன கரடு மணற்கல். லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பச்சையும் நீலமும் கலந்த பலகைக்கல். கார்ன்வாலில் இரண்டு பக்கமும் கல், நடுவில் மண், மேலே செடிகொடி என்று சுவரும் வேலியும் ஒன்றாகவே நிற்கும். சஸெக்ஸ் பக்கம் சாக் பாறை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்குப் பெயர் தந்த சாக் இதுதான். அதை வைத்து வெளியில் சுவர் கட்டினால் பனியில் உதிர்ந்துவிடும். அதனால் வயலுக்குச் செடிவேலி, வீட்டுக்குச் சிக்கிமுக்கிக் கல். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஃபென்ஸ் பகுதியில் சுவரும் கிடையாது, வேலியும் அநேகமாகக் கிடையாது. வாய்க்கால்தான் எல்லை.

சுவர் கட்டியவர்கள் கல்லைத் தூரத்திலிருந்து வரவழைக்கவில்லை. பக்கத்தில் என்ன கிடந்ததோ அதை எடுத்து அடுக்கினார்கள். ஆகவே சுவர் மாறிவிட்டால் நிலமே மாறிவிட்டது என்று அர்த்தம். பாறை மாறினால் தண்ணீர் நிற்கிறதா இறங்கிவிடுகிறதா என்பது மாறும். அதற்கேற்பச் சேறு மாறும், புல் மாறும், ஆடா மாடா கோதுமையா என்பதும் மாறும்.

நடந்தும் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது என்றால், ஒரே மாதிரிப் பாறை உள்ள இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் நடந்தீர்கள் என்று எழுதுங்கள்.

9 மார்ச் 2025

பதில் வந்திருக்கிறது: லெஸ்டர், நார்தாம்ப்டன், மில்டன் கீன்ஸ், ஒருமுறை ஆக்ஸ்ஃபர்ட்.

நினைத்ததுதான். எல்லாம் ஒரு கோட்டுக்குத் தென்கிழக்குப் பக்கம். இங்கே புவியியல் படித்தவர்கள் டீஸ்-எக்ஸ் கோடு என்று ஒன்று சொல்வார்கள். வடகிழக்கில் டீஸ் ஆற்றின் முகத்துவாரம், தென்மேற்கில் எக்ஸ் ஆற்றின் முகத்துவாரம், இரண்டையும் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு வடமேற்கே பெரும்பாலும் பழைய, கடினமான பாறை: மலை, மூர் என்ற மரமற்ற மேட்டு நிலம், அதிக மழை, ஆடு. தென்கிழக்கே இளைய, மென்மையான பாறை: தாழ்ந்த குன்று, களிமண், குறைந்த மழை, பயிர். எல்லாக் கோடுகளையும் போல இதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆனாலும் முதல் தடவை நாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்தப் பாறை வேறுபாட்டை முதலில் நாடு முழுவதற்குமாக வரைந்து காட்டியவர் வில்லியம் ஸ்மித். கால்வாய் வெட்டும் வேலையில் நில அளவையாளராக இருந்தவர். வெட்டிய இடங்களில் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும் கவனித்தார். 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கான நிலவியல் வரைபடத்தை வண்ணம் தீட்டி வெளியிட்டார். அந்த வண்ணப் பட்டைகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து ஓடும். பட்டையோடு நடந்தால் காட்சி நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். குறுக்கே நடந்தால் ஒரே நாளில் இரண்டு மூன்று நிலம் பார்க்கலாம்.

12 மார்ச் 2025

"அப்படியானால் குறுக்கே போகும் நீண்ட பாதை ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் நடந்துவிட்டால் போதாதா?"

போதும், இரண்டு வாரம் விடுப்புக் கிடைத்தால். செயின்ட் பீஸில் ஐரிஷ் கடலோரம் தொடங்கி ராபின் ஹூட்ஸ் பே என்ற வடகடல் ஊரில் முடியும் கோஸ்ட் டு கோஸ்ட் பாதை அதற்காகவே அமைந்தது போல இருக்கும். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ், நார்த் யார்க் மூர்ஸ் என்று மூன்று தேசியப் பூங்காக்களைக் கடக்கிறது.

ஆனால் எனக்குத் துண்டு துண்டாக நடப்பதுதான் பிடிக்கும். நீண்ட பாதையில் நான்காம் நாளுக்குப் பிறகு மனம் முழுக்கக் கொப்புளத்திலும் அன்று இரவு தங்கும் இடத்திலும்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாக் நிலம், அடுத்த மாதம் சுண்ணாம்புக்கல், அதற்கடுத்து சதுப்பு என்று போனால், போன தடவை பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

16 மார்ச் 2025

சாக் நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். லண்டனில் இருப்பவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும், ரயில் வசதி அப்படி. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்பர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே ஒன்று. எய்வ்பரி பக்கத்திலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் போகும் ரிட்ஜ்வே இன்னொன்று.

மேலே ஏறியதும் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர் இல்லாததை. அழகான பள்ளத்தாக்கு இருக்கும், அடியில் ஓடை இருக்காது. சாக் தண்ணீரை அப்படியே உள்ளே இறக்கிவிடும். அது அடிவாரத்தில் களிமண்ணைச் சந்திக்கும் இடத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். ஊர்களெல்லாம் மேட்டில் இல்லாமல் அடிவாரத்தில் ஒரே வரிசையில் இருப்பதற்கு அந்த ஊற்றுகள்தான் காரணம். மேட்டில் நடப்பவர் தண்ணீர் புட்டியை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும்.

இன்னொன்று: காய்ந்த சாக் பாதையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். மழை பெய்த சாக் பாதை சோப்புப் பூசிய தரை. இறக்கத்தில் நடுப்பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் கால் வையுங்கள்.

ரிட்ஜ்வேயை ஒட்டி அஃபிங்டனில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது, 110 மீட்டர் நீளம். குன்றின் சரிவில் பள்ளம் வெட்டி அதில் சாக்கை இடித்து நிரப்பிய உருவம். சுமார் 3,000 வருடம் பழையது. கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் புல் மூடிவிடும். தலைமுறை தலைமுறையாக யாராவது வந்து களை பறித்துச் சாக் கொட்டி இடித்துக்கொண்டே இருந்ததால்தான் இன்றைக்கு இருக்கிறது. இப்போதும் தன்னார்வலர்கள் சுத்தியலோடு போய் அதைச் செய்கிறார்கள்.

30 மார்ச் 2025

கடிகாரம் இன்று ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. இனி சாயங்காலம் நடக்கலாம்.

"அடுத்தவர் வயலில் எந்தத் தைரியத்தில் நுழைவது?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான தயக்கம். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப்பாதை என்பது சட்டப்படியான உரிமை. நிலம் தனியாருடையது, அதன் மேல் போகும் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருடையது. இரண்டு நாடுகளிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இப்படிப் பதிவாகியிருக்கிறது. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். ஏகார்ன் என்கிற ஓக் மரக் கொட்டையின் படம் இருந்தால் அது தேசியப் பாதைகளில் ஒன்று.

வரைபடம் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரிசை 1:25,000 அளவு, நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பொதுப்பாதை அதில் பச்சைச் சிறு கோடுகளின் வரிசையாக இருக்கும். வயலின் ஒவ்வொரு வேலியும் அதில் வரைந்திருப்பதால், வேலிக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதுவரை தெரியும். இளமஞ்சள் பூசிய இடங்கள் 2000-ம் ஆண்டுச் சட்டத்தின்படி திறந்துவிடப்பட்டவை. மலை, மூர், ஹீத் என்ற புதர்வெளி, டவுன்ஸ் என்ற புல்குன்று வகை நிலங்கள். அங்கே பாதையை விட்டும் நடக்கலாம். நாய் கூட வந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக.

ஒரு பண்ணையில் பொதுப்பாதையின் குறுக்கே இரும்புக் கதவு வைத்துப் பூட்டியிருந்தார்கள். சண்டை போடவில்லை. படம் எடுத்து, வரைபடத்தின் கட்ட எண்ணோடு கவுன்சிலுக்கு அனுப்பினேன். மறுபடி போனபோது பூட்டு இல்லை. பாதையைத் திறந்து வைத்திருப்பது அவர்கள் கடமை, சொல்ல வேண்டியது நம் வேலை. நம் ஆட்கள் இதைச் செய்யத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள்.

31 மார்ச் 2025

விட்டுப்போனது: கன்றோடு இருக்கும் மாடுகளுக்கு நடுவே புகுந்து போகாதீர்கள். சுற்றிப் போங்கள். நாய் இருந்து, மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும். மாட்டுக்குக் கோபம் நாயின் மேல்தான்.

24 ஏப்ரல் 2025

இந்தத் தேதியில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மூர் மேல் அனுமதியில்லாமல் ஏறினார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகையில் இருந்தவர்கள். கண்ணெதிரே மலை, ஆனால் அது க்ரவுஸ் பறவை வேட்டைக்கென்று பூட்டிவைத்த நிலம். காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தத் தண்டனைதான் ஊரையே அவர்கள் பக்கம் திருப்பியது. 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம், 1951-ல் முதல் பூங்காவாக அதே கிண்டர் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், 1965 ஏப்ரல் 24-ல் முதல் தேசிய நெடும்பாதையாகப் பென்னைன் வே. ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைக்குள் கிர்க் யெட்டம் வரை 431 கிலோமீட்டர். இன்றோடு அதற்கு 60 வயது.

தெற்குப் பக்கத்தில் அது பீட் மண் மேல் போகிறது. மட்காத பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்து கறுத்த மண். ஒரு காலத்தில் நடப்பவர்கள் முழங்கால் வரை இறங்கினார்கள். ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் பாதை அகலமாகிக்கொண்டே போய் மலையே அழியும் நிலை. அதற்குத் தீர்வாகப் பழைய பஞ்சாலைகளை இடித்தபோது கிடைத்த தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். குனிந்து பாருங்கள். சில கற்களில் எந்திரத்தை முடுக்கி வைத்த துளைகள் இன்னும் இருக்கின்றன, மழைத்தண்ணீர் அதில் தேங்கியிருக்கும். கிண்டர் மேல் ஏறத் தடுக்கப்பட்டவர்கள் நின்று வேலை பார்த்த மாதிரியான ஆலைத் தரை, இப்போது அதே மலைத்தொடருக்கு மேல் பாதையாகக் கிடக்கிறது. அந்தக் கற்களில் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த வசந்தத்தில் மழையே இல்லை. போன வாரம் பீட் விரிசல் விட்டிருந்தது, காலில் ஒட்டவில்லை. நடக்கச் சுகம்தான், ஆனால் காய்ந்த பீட் தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியிலேயே புகைந்துகொண்டு போகும். அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

5 மே 2025

வங்கி விடுமுறை, எல்லோரும் யார்க்‌ஷயர் டேல்ஸின் மாலமில் இருப்பீர்கள். இருந்தால் இதைப் படியுங்கள்.

மாலம் கோவ் என்பது 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் சுவர். பனியுகம் முடிந்தபோது உருகிய நீர் அருவியாக விழுந்த இடம். இப்போது மேலிருந்து ஒரு சொட்டும் விழுவதில்லை, 2015 டிசம்பர் பெருமழையில் மட்டும் சில மணி நேரம் மறுபடி அருவி ஓடியது. மேலே மாலம் டார்ன் என்ற ஏரியிலிருந்து கிளம்பும் ஓடை கொஞ்ச தூரம் ஓடிவிட்டு உங்கள் கண்ணெதிரே கற்களுக்கு நடுவே இறங்கிக் காணாமல் போகும். கோவின் அடியில் ஓர் ஓடை வெளியே வரும். அதுவே இது என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. சோதித்துப் பார்த்ததில் ஏரித் தண்ணீர் ஊரைத் தாண்டி இன்னும் தெற்கே எழுகிறது. நிலத்துக்கு அடியில் இரண்டு ஓடைகளும் ஒன்றையொன்று கடந்து போகின்றன.

கோவின் உச்சியில் கல்தளம். மழைநீர் அரித்து அரித்துப் பாளம் பாளமாகப் பிரித்திருக்கிறது. இடைவெளிகள் சில இடத்தில் ஆளின் இடுப்பளவு ஆழம். மேலே காற்று முகத்தில் அறையும், ஒரு புல் நிமிர்ந்து நிற்காது. மண்டியிட்டு ஓர் இடைவெளிக்குள் எட்டிப் பாருங்கள். காற்றே இல்லை. ஈரம். நாக்கு நீட்டியது போலப் பளபளக்கும் பெரணி இலைகள், மேலே நிற்கவே முடியாத நிழல்செடிகள். கையை உள்ளே விட்டால் குளிர் தெரியும். ஆடு வாய் எட்டாததால் பிழைத்த தோட்டம் அது. வீட்டுத் தோட்ட அலங்காரத்துக்கு இந்தக் கற்களைப் பெயர்த்து விற்றுவந்ததால் 1981-ம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்புக் கொண்டுவந்தார்கள். ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

22 மே 2025

நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. தென்மேற்கில் உள்ள டார்ட்மூர் தேசியப் பூங்காவின் பொது நிலங்களில் நடப்பவர்கள் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம், 1985-ம் ஆண்டுச் சட்டம் தரும் திறந்தவெளி உரிமையில் அதுவும் அடங்கும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உரிமை இல்லை என்றது, அந்த ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது, இப்போது உறுதியாகிவிட்டது. இங்கிலாந்தில் நில உரிமையாளரைக் கேட்காமல் மூரில் படுத்துறங்கும் உரிமை இந்த ஓரிடத்தில்தான். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

எங்கு வேண்டுமானாலும் கூடாரம் என்று அர்த்தமில்லை. எந்தப் பொது நிலங்களில் தங்கலாம் என்பதற்குப் பூங்கா வரைபடம் வைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்து வேறு உலகம். 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பொறுப்போடு நடந்துகொள்கிற வரை பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம், தங்கலாம். வீட்டு முற்றமும் விளைந்த பயிரும் விலக்கு. லாக் லோமண்ட் ஏரிக்கரையில் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டும்.

8 ஜூன் 2025

"ஃபென்ஸ் பகுதியை ஏன் பட்டியலில் சேர்த்தீர்கள்? அது தட்டை. பார்க்க ஒன்றுமில்லை." இப்படி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நடை கேம்பிரிட்ஜிலிருந்து ஈலி வரை ஆற்றங்கரையில் போவது. ஏறக்குறைய 27 கிலோமீட்டர், ஒரு மேடு கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமாவை ஒருமுறை அழைத்துப் போனேன். அவர் விவசாயம் பார்த்தவர். கரைமேல் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்ப்பா, ஆறு மேல இருக்கு, வயல் கீழ இருக்கு?" என்றார். அதேதான். ஒரு பக்கம் ஆற்றில் படகு போகிறது. மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த மட்டத்தில் வயல், அதில் டிராக்டர்.

காரணம் இதுதான். 17-ம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்மூய்டன் தலைமையில் நேர்க்கோட்டுக் கால்வாய்கள் வெட்டிச் சதுப்பை வடியவைத்தார்கள். தண்ணீர் வடிந்த பீட் காய்ந்து சுருங்கியது, காற்று பட்டு மட்கியது, புழுதியாகப் பறந்தது. நிலம் இறங்க இறங்க, தண்ணீரை மேலே இறைக்க முதலில் காற்றாலை, பிறகு நீராவி, பிறகு டீசல், மின்சாரம் என்று வந்தன. ஆறு மட்டும் கரைகளுக்கு நடுவே பழைய உயரத்திலேயே நிற்கிறது.

எவ்வளவு இறங்கியது என்று பார்க்க ஹோம் ஃபென் போங்கள். 1851-ல் பக்கத்து விட்டில்சி மியர் ஏரியை வடித்தபோது ஓர் இரும்புத் தூணை அடியிலிருக்கும் களிமண் வரை இறக்கி, உச்சி தரைமட்டத்தோடு இருக்கும்படி நட்டார்கள். இன்றைக்கு அந்தத் தூண் தரைக்கு மேலே நான்கு மீட்டர் நிற்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டும். தரை இருந்த இடம் உங்கள் தலைக்கு மேலே. பிரிட்டனின் மிகத் தாழ்ந்த நிலமும் அங்கேதான், கடல்மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே.

மலை ஏறினால்தான் நிலம் தெரியும் என்று நினைப்பவர்கள் அந்தத் தூணின் கீழே போய் நிற்க வேண்டும். மனிதர்கள் சேர்ந்து ஒரு நிலத்தை என்ன செய்ய முடியும் என்பது எனக்கு வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்ததில்லை.

9 ஜூன் 2025

மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு. தட்டை நிலத்தில் அவரால் நாள் முழுக்க நடக்க முடிந்தது. பெற்றோர் வரும்போது எங்கே கூட்டிப்போவது என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

21 ஜூன் 2025

வாசகி ஒருவர்: "குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று இந்த நாட்டையும் பிரித்துவிடலாமே?"

இழுத்துப் பொருத்த வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் திணையில் ஒரு விஷயம் நடப்பவருக்கு அப்படியே உதவும். நிலத்தோடு பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் சேர்த்தே சொன்னார்கள். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கான மாதமும் வேளையும் இங்கேயும் உண்டு.

சாக் குன்றுக்கு ஜூன், காலை. புல்லில் ஆர்க்கிட் பூத்திருக்கும், வானம்பாடி மேலே நின்று பாடும். மூருக்கு ஆகஸ்ட், ஹெதர் பூத்து மலையே ஊதாவாகும். சுண்ணாம்புக்கல்லுக்குப் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஓடைகள் எங்கே மறைகின்றன என்று தெரியும். ஃபென்ஸுக்குக் குளிர்கால அந்தி, வடக்கே ஐஸ்லாந்திலிருந்து வந்த ஹூப்பர் அன்னங்கள் வெல்னி பக்கம் இரவுக்குத் திரும்பும். கடற்கரைக்கு மாதம் முக்கியமில்லை, வற்று நேரம் முக்கியம். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு மணலில் கம்பம் நட்ட யாத்திரைப் பாதை இருக்கிறது. கடல் தினம் இருமுறை அதை மூடிவிடும். ஓத அட்டவணை பார்க்காமல் கால் வைக்கக் கூடாது.

3 ஆகஸ்ட் 2025

ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு: மிட்ஜ் என்ற பொடிக்கொசு, காற்று நின்றால் மேகமாக வரும். தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தின் முதல் பாதி நல்லது.

கோரூர் ரயில் நிலையத்தில் ஒருமுறையாவது இறங்குங்கள். 408 மீட்டர் உயரம், பொதுச்சாலையே கிடையாது. ரயில் போனபின் ரானக் மூரும் நீங்களும்தான். அந்த மூரின் மேல் தண்டவாளம் போட்டபோது சதுப்பு எல்லாவற்றையும் விழுங்கியதால், மரவேரும் சுள்ளியும் மண்ணும் சாம்பலும் கொட்டி மெத்தை போட்டு அதன் மேல் அமைத்தார்கள். 1894-லிருந்து அப்படியே ரயில் ஓடுகிறது.

நேரக் கணக்கு: நெய்ஸ்மித் விதி, 1892. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. இது நிற்காமல் நடப்பவர்களுக்கு. குடும்பத்தோடு என்றால் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 999, போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு. தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை.

14 செப்டம்பர் 2025

இழையைத் தொடங்கிய வாசகர் கோடைக்குப் பிறகு எழுதியிருக்கிறார். லேக் டிஸ்ட்ரிக்ட் போனாராம். சீத்வெயிட்டில் கொட்டோ கொட்டென்று மழை, கெஸ்விக் வந்தால் காய்ந்த சாலை. "பாறை பாறை என்றீர்கள், எனக்கு மழைதான் வேறுபட்டது" என்கிறார்.

நல்ல கவனிப்பு. மார்ச்சில் எழுதியதில் பாறைக்கு அதிக இடம் கொடுத்தேன், மழையை அதன் பக்கத்தில் சமமாக வைக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சீத்வெயிட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் கெஸ்விக்கில் அதில் பாதிகூட இல்லை. கேம்பிரிட்ஜில் 600-க்கும் கீழே. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை தடுத்து மேலே ஏற்றுகிறது, அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்த மலை அங்கே நிற்பதற்கு 45 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறை காரணம் என்று நான் இன்னும் வாதிடலாம். வாதிடவில்லை. மழையையும் சேர்த்துப் பாருங்கள்.

15 செப்டம்பர் 2025

அவருடைய அடுத்த கேள்வி: "அக்டோபரில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பாறை மாறுவதை ஒரே நடையில் பார்க்க எங்கே போவது?"

யார்க்‌ஷயர் டேல்ஸில் உள்ள ரிபிள்ஹெட். லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ரிபிள்ஹெட்டில் இறங்கி, டென்ட் நிலையம் வரை நடந்து, அங்கே ரயிலேறித் திரும்புங்கள். இறங்கியதும் 24 வளைவுகள் கொண்ட ரயில் பாலம். அதற்கு முன்னால் திரும்பி நின்று இங்கிள்பரோ மலையைப் பாருங்கள். பக்கவாட்டில் படிப்படியாக இருக்கும். கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல், நடுவில் மெல்லிய களிப்பாறையும் மணற்கல்லும் மாறி மாறி, 723 மீட்டரில் தொப்பியாகக் கரடு மணற்கல். பிறகு பிளே மூர் பக்கம் ஏறினால் காலடியே அதைச் சொல்லும். கெட்டியான குட்டைப் புல் திடீரென்று நின்று, கறுப்புச் சதுப்பும் கோரையும் தொடங்கும். சுரங்கப்பாதைக்கு முன்னால் ஓர் ஓடையைத் தொட்டிப்பாலம் கட்டி ரயில் தண்டவாளத்துக்கு மேலே கொண்டு போயிருக்கிறார்கள், அதையும் நின்று பாருங்கள்.

கடைசியில் டென்ட் நிலையத்துக்கு ஏறும் சாலை செங்குத்து. நிலையம் 350 மீட்டர் உயரத்தில், ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கடை கிடையாது. ரயில் அடிக்கடி வராது, நேரத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி முன்னால் சேரும்படி கிளம்புங்கள். அக்டோபர் 26-ல் கடிகாரம் பின்னால் போகிறது, அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சாயங்கால வெளிச்சம் கிடைக்கும். வரைபடம் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்2.